மின்னஞ்சல் சாட்சியம்: அழியாமல் காக்கச் சட்டம் என்ன கேட்கிறது?

2004 பிப்ரவரியில் சென்னையில் ஒரு பெண் சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தார். யாஹூ குழு ஒன்றில் அவரைப் பற்றி ஆபாசமான செய்திகள் பரப்பப்பட்டிருந்தன. அவர் பெயரிலேயே யாரோ ஒரு போலி மின்னஞ்சல் கணக்கைத் திறந்து, அதிலிருந்து அவருக்கே மெயில்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். விசாரணையில் குடும்பத்துக்குத் தெரிந்த ஒருவர் மும்பையில் பிடிபட்டார். மார்ச் மாதமே குற்றப்பத்திரிகை தாக்கலானது. நவம்பர் 5 அன்று எழும்பூர் நீதிமன்றம் அவருக்குத் தண்டனை விதித்தது. இணையத்தில் ஆபாசம் பரப்புவதைத் தண்டிக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவில் இந்தியாவில் கிடைத்த முதல் தண்டனை என்று இந்த வழக்கைச் சொல்வார்கள்.

எதிர்த் தரப்பு எடுத்த வாதங்கள் இன்றைக்கும் ஒவ்வொரு மின்னஞ்சல் வழக்கிலும் எழுகின்றன. இந்த மெயில்களை அந்தப் பெண்ணின் முன்னாள் கணவரோ, ஏன் அவரேகூட, அனுப்பியிருக்கலாம் என்பது ஒன்று. நீதிமன்றத்தில் வைத்த மின்னணு ஆவணங்கள் மின்னணு நகலுக்குச் சான்றிதழ் கேட்கும் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுக்கு ஏற்றபடி இல்லை என்பது இன்னொன்று. முதல் வாதம் முறிந்ததற்குப் பெரிய காரணம் குற்றவாளி பயன்படுத்திய இணைய மையங்களை நடத்தியவர்கள் சாட்சிக் கூண்டில் ஏறியதுதான். இரண்டாவது வாதத்துக்கு நிபுணர் சாட்சியம் பதில் சொன்னது. மெயிலின் வாசகம் எவ்வளவு கொடூரமானது என்பதை நிரூபிக்க யாரும் பாடுபடவில்லை. அது அப்படியே வந்ததா, யார் கையிலிருந்து வந்தது என்பவற்றை நிரூபிக்கத்தான் அத்தனை பாடும்.

இந்த இரண்டு கேள்விகளையும் சட்டம் ஒரே மாதிரி நடத்துவதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 90ஆம் பிரிவைப் பாருங்கள். பழைய சட்டத்தில் இது 88ஏ. ஒருவர் தன் கணினியில் உள்ளிட்ட செய்தியும் மெயில் சர்வர் வழியாகப் பெறுநருக்குப் போய்ச் சேர்ந்த செய்தியும் ஒன்றே என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். ஆனால் அதை அனுப்பியவர் இன்னார் என்று எந்த அனுமானமும் செய்யக் கூடாது. மெயிலின் மேலே இருக்கும் பெயரைக் காட்டி 'இவர்தான் அனுப்பினார், பாருங்கள்' என்பவர்களுக்கு இந்த ஒரு வரியிலேயே பதில் இருக்கிறது. அனுப்பியவரை நிரூபிக்க லாகின் பதிவு, ஐபி முகவரி, சாதனம், சாட்சி என்று வேறு பொருள்கள் வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை சில மாதங்களில் தானாகவே அழிந்துவிடக்கூடியவை.

சான்றிதழ் கடந்து வந்த பாதை

2000 அக்டோபர் 17 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 65ஏ, 65பி என இரண்டு பிரிவுகள் சேர்ந்தன. கணினியில் உள்ளதன் நகலை நீதிமன்றத்தில் வைக்க வேண்டுமானால், அந்தக் கணினிக்குப் பொறுப்பானவர் ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்றது 65பி. பல ஆண்டுகள் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம், தொலைபேசி அழைப்புப் பதிவுகளைச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் மற்றப் பிரிவுகளின் கீழ் இரண்டாம் நிலைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று சொல்லிவிட்டது. கீழ் நீதிமன்றங்களில் பிரிண்ட் அவுட்டும் சி.டி.யும் தாராளமாக உள்ளே வந்தன.

அதை மூடியது ஒரு கேரளத் தேர்தல் வழக்கு. 2011 சட்டமன்றத் தேர்தலில் ஏரநாடு தொகுதியில் தோற்ற வேட்பாளர், வென்றவர் தரப்பு அவதூறான பாடல்களையும் பேச்சுகளையும் பரப்பியது என்று சொல்லி சி.டி.க்களைத் தாக்கல் செய்தார். அவற்றுக்குச் சான்றிதழ் இல்லை. 2014 செப்டம்பர் 18 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு, மின்னணுப் பதிவுகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கும்போது பொதுப் பிரிவுக்குள் நுழைய முடியாது என்று தீர்ப்பளித்தது. 2005 தீர்ப்பின் அந்தப் பகுதி செல்லாது என்றும் அறிவித்தது. அப்போது நாடு முழுவதும் நடந்துகொண்டிருந்த வழக்குகளில் இது எவ்வளவு பெரிய கலக்கத்தை உண்டாக்கியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

பிறகு 2018இல் இரண்டு நீதிபதிகள் அமர்வு ஒன்று, சாதனம் தன் கையில் இல்லாதவரிடம் சான்றிதழ் கேட்பது நியாயமில்லை என்று தளர்த்தியது. அந்தக் கவலையில் நியாயம் இருந்தது. கூகுளிடமோ வங்கியிடமோ போய் ஒரு சாதாரண மனிதர் சான்றிதழ் வாங்கிவிட முடியுமா? இதற்கு முழுமையான விடை 2020 ஜூலை 14 அன்று வந்தது. மகாராஷ்டிரத்தின் ஜால்னா தொகுதியில் 2014இல் ஒருவர் 296 வாக்குகளில் வென்றிருந்தார். அவர் வேட்புமனுவைக் கெடு நேரமான பிற்பகல் 3 மணிக்குப் பிறகுதான் கொடுத்தார் என்பது வழக்கு. தேர்தல் அலுவலகத்தின் வீடியோப் பதிவுதான் ஆதாரம். எத்தனை முறை எழுதிக் கேட்டும் அதிகாரிகள் சான்றிதழ் தரவில்லை.

உச்ச நீதிமன்றம் 2018 தளர்வை ரத்து செய்தது. நகலைத் தாக்கல் செய்தால் சான்றிதழ் கட்டாயம் என்றது. கூடவே வழியையும் காட்டியது. சான்றிதழ் தர மறுப்பவருக்கு உத்தரவிடும்படி நீதிமன்றத்திடம் மனுப் போடலாம். விசாரணை முடிவதற்குள் சான்றிதழைக் கொண்டுவந்தால் போதும். செல்போனோ லேப்டாப்போ தன்னுடையதாக இருந்து, உரிமையாளரே சாட்சிக் கூண்டில் ஏறி அசல் சாதனத்தைக் காட்டினால் சான்றிதழே தேவையில்லை. எல்லா முயற்சியும் செய்து, தன்னால் ஆகாது என்ற நிலையில் நிற்பவரைச் சட்டம் தண்டிக்காது. ஆனால் அந்த முயற்சி எழுத்தில் இருக்க வேண்டும். கேட்டுக் கடிதம் அனுப்பியது, நினைவூட்டியது, மனுப் போட்டது எல்லாம் கோப்பில் இருந்தால்தான் இந்தச் சலுகை கிடைக்கும்.

இன்றைய சட்டத்தில் இது 63ஆம் பிரிவு. சான்றிதழுக்கு இப்போது சட்டத்தின் அட்டவணையிலேயே படிவம் இருக்கிறது. 'ஏ' பகுதியைத் தாக்கல் செய்பவர் நிரப்ப வேண்டும். 'பி' பகுதியை நிபுணர் நிரப்ப வேண்டும். சாதனத்தின் விவரம், அது ஒழுங்காக இயங்கியதா என்பதோடு, பதிவின் ஹாஷ் மதிப்பையும் அது எந்த முறையில் கணக்கிடப்பட்டது என்பதையும் இருவருமே எழுத வேண்டும். பழைய சட்டத்தில் ஹாஷ் என்ற பேச்சே கிடையாது. ஒரு கோப்பில் உள்ள அத்தனை எழுத்துகளையும் எண்களையும் ஒரு கணிதச் சூத்திரத்தில் செலுத்தினால் கிடைக்கும் குறுகிய விடைதான் ஹாஷ். ஒரு காற்புள்ளி மாறினாலும் விடை முழுவதும் மாறிவிடும். எஸ்ஹெச்ஏ-256 முறையில் அது 64 எழுத்து நீளம்.

படிவத்தில் எஸ்ஹெச்ஏ-1, எஸ்ஹெச்ஏ-256, எம்டி5 மூன்றுக்கும் இடம் உண்டு. என் கருத்தில் எம்டி5ஐத் தனியாக நம்பக் கூடாது. ஒரே எம்டி5 மதிப்புள்ள இரண்டு வெவ்வேறு கோப்புகளை உருவாக்க முடியும் என்பது 2004இலேயே காட்டப்பட்டது. எஸ்ஹெச்ஏ-1க்கு 2017இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாம் ஆய்வு நிறுவனம் ஒன்றும் சேர்ந்து அதையே செய்து காட்டின. குறுக்கு விசாரணையில் ஒரு நல்ல வழக்கறிஞர் இதைக் கையில் எடுத்தால், உண்மையான மெயிலும் சந்தேகத்துக்கு இலக்காகும். எஸ்ஹெச்ஏ-256 எழுத எந்தக் கூடுதல் செலவும் இல்லை. விண்டோஸ் கணினியிலேயே அதற்கான கட்டளை இருக்கிறது.

பிரிண்ட் அவுட்டில் வராதது

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதியாளர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு நூல் விற்கும் நிறுவனத்திடமிருந்து 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் பணத்தை இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்' என்று மெயில் வருகிறது. பணம் போன பிறகுதான் முகவரியில் ஒரு எழுத்து வேறாக இருந்தது தெரிகிறது. அவர் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழைக்கிறார், சரியான செயல். பிறகு அந்த மெயிலை பிரிண்ட் எடுக்கிறார், ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறார், ஆடிட்டருக்கும் வக்கீலுக்கும் ஃபார்வர்டு செய்கிறார். கோபத்தில் அசலை டெலீட் செய்தும் விடுகிறார். கையில் இப்போது இருப்பது உறையைக் கிழித்தெறிந்துவிட்டு உள்ளிருந்த கடிதத்தை மட்டும் கையால் எழுதி வைத்தது போன்ற ஒன்று.

மெயிலின் உயிர், அதன் பயண விவரங்களைத் தாங்கும் தலைப்புப் பகுதியான ஹெட்டரில் இருக்கிறது. திரையில் தெரியும் 'ஃப்ரம்' வரியை யாரும் எதுவாகவும் எழுதலாம். ஆனால் மெயில் கடந்து வந்த ஒவ்வொரு சர்வரும் 'ரிசீவ்டு' என்று ஒரு வரியை மேலே சேர்த்துக்கொண்டே வரும். அதனால் அவற்றைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கீழ்க்கோடியில் இருப்பவை மோசடிக்காரரே எழுதியவையாகவும் இருக்கலாம். நம் சொந்த சர்வர் சேர்த்த வரியிலிருந்து பின்னோக்கிப் போவதே பாதுகாப்பு. மெசேஜ்-ஐடி என்ற அடையாளக் குறி ஒவ்வொரு மெயிலுக்கும் தனி. பதில் எங்கே போகும் என்பதைச் சொல்லும் 'ரிப்ளை-டூ' முகவரி, இப்படிப்பட்ட மோசடிகளில் பல நேரம் வேறொன்றாக இருக்கும். அனுப்பும் டொமைன் மெயிலில் இடும் மின்னணு முத்திரையான டிகேஐஎம் கையொப்பம் இருந்தால், மெயிலின் உடல் வழியில் மாறவில்லை என்பதை அனுப்பிய டொமைனின் பொதுச் சாவியை வைத்துச் சரிபார்க்கலாம். அந்தச் சாவிகளை நிறுவனங்கள் அவ்வப்போது மாற்றிவிடுகின்றன. அதனால் சரிபார்ப்பை ஆரம்பத்திலேயே செய்து, முடிவைப் பதிந்து வைக்க வேண்டும்.

பிரிண்ட் அவுட்டில் இவை எதுவும் வராது. சாதாரணமாக ஃபார்வர்டு செய்தால் புதிய மெயில் ஒன்று பிறக்கிறது. அதன் ஹெட்டர் உங்களுடையது. ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' என்பதை அழுத்தி, முழு மெயிலையும் இஎம்எல் கோப்பாக இறக்கலாம். இணைப்பாக ஃபார்வர்டு செய்தாலும் அசல் ஹெட்டர் தப்பும். பல மெயில்கள் என்றால் கூகுள் டேக்அவுட் வழியாக மொத்தமாக எடுக்கலாம். அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்கு பிஎஸ்டி கோப்பு. எடுத்தவுடன் ஹாஷ் கணக்கிட்டு, யார், எந்தக் கணினியில், எந்த நாள், எத்தனை மணிக்கு எடுத்தது என்று எழுதி வைக்க வேண்டும். பின்னால் சான்றிதழின் 'ஏ' பகுதியை நிரப்ப இந்தக் குறிப்புதான் உதவும். அசல் மெயிலை இன்பாக்ஸிலேயே விட்டுவிடுங்கள்.

இது வெறும் நல்ல பழக்கம் மட்டுமல்ல. மின்னணுப் பதிவை உருவான வடிவத்திலேயே வைத்திருக்க வேண்டும். எங்கிருந்து புறப்பட்டது, எங்கே சேர்ந்தது, எந்தத் தேதியில், எந்த நேரத்தில் என்பதும் அதில் இருக்க வேண்டும். ஆவணத்தைப் பாதுகாக்கச் சட்டக் கடமை உள்ளவர்களுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 7ஆம் பிரிவு 2000ஆம் ஆண்டிலிருந்தே வைத்திருக்கும் நிபந்தனை இது. ஹெட்டர் என்ற சொல்லைப் பயன்படுத்தாமலே ஹெட்டரைக் கேட்கிறது அந்தப் பிரிவு.

வணிக நீதிமன்றங்களில் இன்னும் ஒரு படி கூடுதல். அங்கே நடக்கும் வழக்குகளுக்காகத் திருத்தப்பட்ட உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11ஆவது ஆணை, பிரிண்ட் அவுட் கொடுப்பதை அனுமதிக்கிறது. ஆனால் எப்போது, எதிலிருந்து அச்சடித்தது, அந்த மின்னஞ்சல் முகவரி யாருக்குச் சொந்தம், யார் பொறுப்பில் இருந்தது, யாரெல்லாம் அதைத் திறக்க முடியும் என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். அலுவலகத்தில் 'இன்ஃபோ' என்று தொடங்கும் ஒரே முகவரியை ஐந்து பேர் ஒரே பாஸ்வேர்டில் பயன்படுத்தும் வழக்கம் நம்மிடம் பரவலாக உண்டு. அப்படிப்பட்ட நிறுவனம் இந்தக் கேள்விக்கு என்ன பதில் எழுதும்? மெயில் வழியாகவே ஒப்பந்தம் உறுதியாகிவிடும் என்று 2010இல் பாக்சைட் இறக்குமதி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்ட நாட்டில், இது சின்ன விஷயம் இல்லை.

போலீஸ் கைக்குப் போனபின்

குற்ற வழக்குகளில் பொறுப்பு விசாரணை அதிகாரிக்கு மாறுகிறது. புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவுப்படி, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்து தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டும். 193ஆம் பிரிவு, குற்றப்பத்திரிகையில் மின்னணுச் சாதனம் யார் யார் கை மாறியது என்ற வரிசையைக் கேட்கிறது. முன்பு மகஜரோடு நின்றுவிட்ட இடம் இது. கைப்பற்றிய நாளிலிருந்து தடயவியல் ஆய்வகம் போகும் நாள் வரை லேப்டாப் எந்த அலமாரியில், யார் பூட்டில் இருந்தது என்பதற்குப் பதிவு இல்லாத வழக்கு, குறுக்கு விசாரணையில் அங்கேயே ஆட்டம் காணும்.

நேர்மையான விசாரணையையும் கெடுப்பவை சின்னச் சின்னச் செயல்கள். கைப்பற்றிய போனை உடனே இணையத்திலிருந்து துண்டிக்காவிட்டால், வெளியில் இருப்பவர் வேறொரு சாதனத்திலிருந்து கணக்கைக் காலிசெய்துவிடலாம். அதிகாரி தானே மெயில் கணக்கில் புகுந்து பார்த்தால் படிக்காத மெயில் படித்ததாக மாறும். லாகின் பதிவில் காவல் நிலையத்தின் ஐபி முகவரி ஏறும். அதனால்தான் எழுதத் தடை போடும் கருவி வழியாக வட்டின் முழு நகலை எடுத்து, அசலுக்கும் நகலுக்கும் ஹாஷ் ஒத்துப்போவதைக் காட்டிவிட்டு, நகலில் மட்டுமே ஆய்வு செய்வது தடயவியல் முறை.

நேரக் குறிப்பில் நடக்கும் தவறு இன்னும் ஆபத்தானது. ஹெட்டரில் நேரம் பல சமயம் உலகப் பொது நேரத்திலோ அமெரிக்க நேரத்திலோ இருக்கும். உலகப் பொது நேரத்தோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்து, அந்த நேரத்தில் அந்த ஐபி யாரிடம் இருந்தது என்று செல்போன் நிறுவனத்திடம் கேட்டால் வேறொருவரின் பெயர் வரும். ஒரே ஐபி முகவரியைப் பல சந்தாதாரர்கள் ஒரே நேரத்தில் பகிரும் இன்றைய நிலையில், அவர்களைப் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணும் நொடிக் கணக்கும் சேராத விசாரணைக் கடிதம் ஒரு நிரபராதியின் வீட்டுக் கதவைத் தட்ட வைத்துவிடும்.

கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது

ஜிமெயிலில் குப்பைக்குப் போன மெயில் 30 நாளில் நிரந்தரமாக அழிகிறது. கூகுளின் நிறுவனச் சேவையில், வேலையை விட்டுப் போனவரின் கணக்கை நீக்கினால் 20 நாளுக்குள் மீட்டாக வேண்டும். மைக்ரோசாஃப்ட் 365இல் அது 30 நாள். ராஜினாமா செய்தவரின் கணக்கை 'லைசென்ஸ் வீண்' என்று ஐ.டி. ஆள் மறுநாளே நீக்குகிற நிறுவனங்கள், அவர் தரவு திருடியது தெரிய வரும்போது கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கும். சச்சரவு வரும் என்று தெரிந்த கணமே தானியங்கி நீக்கத்தை நிறுத்திவைக்க வேண்டும். அமெரிக்காவில் இதைச் செய்யத் தவறுபவருக்கு என்ன நேரும் என்பதைக் கூட்டாட்சி உரிமையியல் விதி 37(இ) விரிவாகச் சொல்கிறது. இங்கே அப்படி நேரடி விதி இல்லை. ஆனால் காட்டக்கூடிய சாட்சியத்தைக் காட்டாதவருக்கு அது பாதகமாகவே இருந்திருக்கும் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். வழக்கில் வரக்கூடும் என்று வேண்டுமென்றே மின்னணுப் பதிவை அழிப்பது, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 241ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் இது இரண்டாண்டாக இருந்தது.

சேவை நிறுவனங்கள் பக்கம், 2021ஆம் ஆண்டின் இடைநிலையாளர் விதிகள் கணக்கை மூடிய பிறகும் பதிவு விவரங்களை 180 நாள் வைத்திருக்கச் சொல்கின்றன. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, கணினி லாக்குகளையும் 180 நாள் காக்கச் சொல்கிறது. 180 நாள் என்பது கேட்க நீளமாக இருக்கும். 'போலீஸுக்குப் போகலாமா வேண்டாமா' என்று குடும்பத்தில் பேசி முடிப்பதற்குள் இரண்டு மாதம் ஓடிவிடும். புகார் பதிவாகி, கடிதம் போய், தவறான வடிவத்தில் கேட்டதாகத் திரும்பி வந்து, மறுபடி போவதற்குள் மீதி நாளும் கரையும்.

சர்வர் அமெரிக்காவில் என்றால், மெயிலின் உள்ளடக்கத்தைப் பெற 2005 முதல் நடப்பில் உள்ள பரஸ்பரச் சட்ட உதவி ஒப்பந்தத்தின் வழியில்தான் பெரும்பாலும் போக வேண்டும். அது மெதுவான வழி. அங்கே சட்டப்படி ஒரு அரசு அமைப்பு கேட்டுக்கொண்டால், உள்ளதை உள்ளபடி 90 நாள் பூட்டி வைத்து, இன்னொரு 90 நாள் நீட்டிக்கும் ஏற்பாடு இருக்கிறது. புடாபெஸ்ட் சைபர் குற்ற உடன்படிக்கையின் 16ஆவது விதி உறுப்பு நாடுகளிடம் எதிர்பார்ப்பதும் இதைத்தான். இந்தியா அதில் சேரவில்லை. இலங்கை 2015இல் சேர்ந்தது. தெற்காசியாவில் அதுவே முதல் நாடு. இலங்கையின் 2007ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, தரவு அழியும் ஆபத்து இருந்தால் காவல் அதிகாரியே எழுத்தில் அறிவித்து ஏழு நாள் வரை பத்திரப்படுத்தச் சொல்ல இடம் தருகிறது. நீதவானிடம் போனால் மொத்தம் 90 நாள் வரை நீட்டலாம்.

நம் புதிய குற்ற நடைமுறைச் சட்டம் எழுதப்பட்டபோது கைப்பற்றுவதை வீடியோ எடுப்பது பற்றி யோசித்தார்கள். இந்த ஏழு நாள் பற்றி யோசிக்கவில்லை. 94ஆம் பிரிவில் 'கொண்டுவந்து கொடு' என்று உத்தரவிடும் அதிகாரம் இருக்கிறது. 'இப்போதைக்குத் தொடாதே, அப்படியே வை' என்று சொல்லும் எளிய அதிகாரம் தனியாக எழுதப்படவில்லை. தரவைக் கேட்பதற்குக் காரணமும் நடைமுறையும் கடுமையாக இருப்பது நியாயம். அதில் தனிமனித அந்தரங்கம் இருக்கிறது. காக்கச் சொல்வதில் யாருடைய மெயிலையும் யாரும் படிக்கப்போவதில்லை. அதற்கு ஒரு தனிப் பிரிவு, கால வரம்போடும் நடுவரின் மேற்பார்வையோடும், 94ஆம் பிரிவை ஒட்டியே சேர்க்கப்பட வேண்டும்.